மூன்றாவது பெடல்

என் இடது கால் கிளட்ச் மிதிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் சுலபமாக விளங்கும். சின்ன வயதில் வந்த காய்ச்சல் போகும்போது அந்தக் காலின் பலத்தையும் கையோடு கொண்டுபோய்விட்டது. நடப்பேன், கொஞ்சம் சாய்ந்து. படி ஏறுவேன், கொஞ்சம் நிதானமாக. பஸ்ஸில் ஏறும்போது மட்டும் கண்டக்டரோ பின்னால் நிற்கிறவரோ கேட்காமலே கையைப் பிடித்துத் தூக்கிவிடுவார்கள். நல்ல எண்ணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கடை வைத்து வியாபாரம் செய்கிற பொம்பளையை மூட்டை ஏற்றுகிற மாதிரி ஏற்றினால் எனக்கு எரிச்சல் வரும்.

பக்கத்தில் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் வாங்கிக்கொள் என்று யோசனை சொல்லாதவர்கள் இல்லை. மாட்டேன் என்றேன். அதில் போனால் தெருமுனையில் என் கால்தான் முதலில் வரும், நான் அதற்குப் பின்னால்தான் வருவேன். எனக்கு வீம்பு அதிகம் என்று பிறந்த வீட்டிலும் சொல்வார்கள், புகுந்த வீட்டிலும் சொல்வார்கள். இரண்டு வீடும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

சங்கரன்கோவில் பஜாரில் எனக்குத் தையல் சாமான் கடை. நூல், பட்டன், ஜிப், லைனிங் துணி, புடவைக்கு வைக்கிற ஃபால்ஸ். என் வீட்டுக்காரர் இரண்டு தெரு தள்ளி விசைத்தறிக்கு உதிரி பாகங்கள் விற்கிறார். கடையில் உட்கார்ந்து விற்பதைவிட லைனுக்குப் போவதுதான் எனக்குப் பிடிக்கும். பனவடலிசத்திரம், ராயகிரி, புளியங்குடி என்று வீட்டில் மிஷின் போட்டுத் தைக்கிற பெண்களைத் தேடிப் போய்ச் சரக்குக் கொடுப்பது. அவர்கள் ஜாக்கெட் துணியை எடுத்துக் காட்டுவார்கள், நான் பையில் கைவிட்டு அதற்குச் சேருகிற நூலை எடுப்பேன். காப்பி வரும், ஊர்க்கதை வரும். எழுந்து வர மனசே வராது.

இந்த லைனை பஸ்ஸிலும் அவருடைய பைக்கின் பின்னாலும் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்தச் சிவப்புக் கார் வந்தது. திருநெல்வேலியில் ஒரு குடும்பம் வெளிநாடு போகிறது, பழைய ஸ்போர்ட்ஸ் செடான் ஒன்று நிற்கிறது, ஆட்டோமேட்டிக் கியர் என்பதால் எல்லாரும் வாங்கப் பயப்படுகிறார்கள் என்று அவருக்குத் தகவல் வந்தது. பார்க்கப் போனோம். தரையோடு தரையாகப் படுத்திருந்தது. மேல்கூரையில் சிவப்பு வெளிறி, செங்கல்பொடி நிறத்துக்கு வந்திருந்தது. முன்விளக்குகள் இரண்டும் மஞ்சள் பூத்துப்போயிருந்தன. அவர் பின்பக்கம் போய், இரட்டைப் புகைக்குழாயைப் பார்த்துவிட்டு அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து கீழே பார்த்தேன். இரண்டே பெடல், கிளட்ச் கிடையாது. இடது காலுக்கு அங்கே வேலையே இல்லை. அது பாட்டுக்கு ஓரமாக இருந்துகொள்ளலாம். எங்கள் இருவருக்குமே அந்தக் கார் வேண்டும் என்றாகிவிட்டது, காரணம்தான் வேறு வேறு.

அவர் மெக்கானிக் இல்லை. ஆனால் தறிக்காரர்களோடு பழகிப் பழகி, எந்த இயந்திரமும் மனிதன் பூட்டியதுதானே, மனிதனால் அவிழ்க்க முடியாதா என்கிற தைரியம் வந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்கு விடுமுறை. சாப்பாடு முடிந்த கையோடு காரின் அடியில் புகுந்துவிடுவார். முன்விளக்கைப் பற்பசை போட்டுத் தேய்த்துத் தேய்த்து வெளிச்சம் கொண்டுவந்தார். என்ஜினைத் தாங்குகிற ரப்பர் கிழிந்துபோனதற்குப் புதியது கிடைக்கவில்லை. தன் கடையிலிருந்து தறியில் அடி தாங்கப் போடுகிற ரப்பர் பஃபரை எடுத்துவந்து, அறுத்து, துளை போட்டு மாட்டினார். வண்டி ஸ்டார்ட் ஆனதும் வீட்டு ஜன்னல் கண்ணாடியெல்லாம் சேர்ந்து நடுங்கியது. எதிர்வீட்டு அண்ணாச்சி வாசலுக்கு வந்து, தறி எத்தனை போட்டிருக்கீங்க, துண்டு நெய்யுதீங்களா வேட்டி நெய்யுதீங்களா என்று கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் மெத்தென்ற பஃபராகப் பார்த்து மாற்றினார். நடுக்கம் குறைந்தது.

ஊரில் இளவட்டங்கள் காரை வாங்கியதும் ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவார்கள். எங்களுக்கு நேர் எதிரான தொல்லை. எங்கள் தெருவின் வேகத்தடையிலேயே அடிவயிறு தட்டிவிடும். அவர் நைலான் உருளையைக் கடைசல் பட்டறையில் கொடுத்து வளையமாக்கி, ஸ்பிரிங்குக்கு மேல் வைத்து வண்டியை உயர்த்தினார். ஸ்போர்ட்ஸ் கார் முழங்காலுக்கு மேல் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. நான் சிரித்ததில் அவருக்கு இரண்டு நாள் கோபம்.

என் பங்கும் உண்டு. உள்கூரைத் துணி பசை விட்டுப்போய் பந்தல் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, கோட்டுக்குள் வைக்கிற சாம்பல் நிற லைனிங்கை என் கடையிலிருந்து எடுத்துச் சுருக்கமில்லாமல் ஒட்டினேன். இருக்கை உறைகளை நானே தைத்தேன், சிவப்பு நூலில் இரட்டைத் தையல். டார்ச் பிடிப்பதும், கேட்கிற ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பதும், அவர் பார்க்கிற ஆங்கில வீடியோவை நிறுத்தி நிறுத்தி அர்த்தம் சொல்வதும் என் வேலை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் அதிகமாகப் பேசியது அந்தக் காரின் அடியில் கிடந்துதான்.

லைசென்ஸ் எடுத்து நான் தனியாக முதன்முதலாகப் புளியங்குடிக்கு ஓட்டிப்போனேன். என் பிறந்த ஊர் அது, எலுமிச்சை மார்க்கெட்டுக்குப் பக்கத்தில்தான் அண்ணன் வீடு. மார்க்கெட் வழியாகத்தான் போவேன் என்று வீம்பாகப் போனேன். மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். என்னைப் பார்க்கவில்லை, என் காலையும் பார்க்கவில்லை, காரைத்தான் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் பாவம் என்பது இல்லவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் வந்ததுதான், சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

அதற்குப் பிறகு லைன் என் இஷ்டம். எப்போது தோன்றுகிறதோ அப்போது கிளம்புவேன். யாரிடமும் நேரம் கேட்க வேண்டாம், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இரண்டு காலும் நன்றாக இருக்கிறவர்களுக்குச் சொன்னால் தலையை ஆட்டுவார்கள், ஆனால் புரியாது.

ஒருநாள் பனவடலிசத்திரத்தில் சரக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, ஊரைத் தாண்டியதும் என்ஜின் நின்றுபோனது. சாவியைத் திருப்பினால் விளக்கெல்லாம் எரிகிறது, என்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. அவருக்குப் போன் போட்டேன். அங்கனயே நில்லு, நான் வாரேன் என்றார். சரி என்றுதான் நின்றேன்.

நல்ல வெயில். ஆடு பத்திக்கொண்டு வந்தவர்கள் நின்றார்கள். பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். நான் காரைச் சுற்றி நடந்து நிழல் பக்கம் வந்ததைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. விடுவிடுவென்று போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து ரோட்டோரத்தில் போட்டு, உட்காருங்க, அந்தக் காலை வச்சுக்கிட்டு நிக்கக் கூடாது என்றாள். பாவம் என்று யாரோ சொன்னதும் காதில் விழுந்தது. எத்தனையோ நாளாகக் கேட்காத சொல். நான் உட்காரவில்லை.

அப்போதுதான் டிராக்டர் வந்தது. எங்கள் பக்கத்தில் நின்றுபோன வண்டியைப் பார்த்துவிட்டுச் சும்மா போகிற வழக்கம் கிடையாது. லோடு ஆட்டோ நின்றாலும் மினி பஸ் நின்றாலும் டிராக்டர் வரும், கூடவே கயிறும் வரும். யாரும் காசு கேட்க மாட்டார்கள், கொடுத்தால் கோபித்துக்கொள்வார்கள். டிராக்டர்க்காரர் இறங்கி, சங்கரன்கோயிலுக்குத்தான் உரம் எடுக்கப் போறேன், கட்டி இழுத்துருவோம்மா என்றார்.

நான் வீட்டுக்காரருக்கு மறுபடியும் போன் போட்டேன். "நீங்க வரவேண்டாம், கடையப் பாருங்க. நானே கொண்டாந்துருதேன்" என்றேன். அவர் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் வைத்துவிட்டேன்.

கியரை நியூட்ரலில் போட்டு, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து உட்கார்ந்தேன். என்ஜின் ஓடாததால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் கல்லாக இருந்தன. கயிறு தளரும், இறுகும், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கும். கை வலியில் உயிர் போனது. ஆனாலும் ஊருக்குள் நுழைந்து பஜார் வழியாக எங்கள் தெருவுக்குத் திரும்பியபோது என் முகத்தில் இருந்த பெருமையை நினைத்தால் இப்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து காத்திருக்கவில்லை, நானே வந்துவிட்டேன் என்ற பெருமை.

நின்றுபோனதற்குக் காரணம் பெட்ரோல் இழுக்கிற பம்புக்குக் கரண்ட் விடுகிற ஒரு சின்ன ரிலே. கட்டைவிரல் அளவுதான். அதை மாற்றியதும் என்ஜின் உடனே பிடித்தது. ஆனால் கியரைப் போட்டால் வண்டி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, பின்னாலிருந்து யாரோ முட்டின மாதிரிப் பாய்ந்தது. கருகின வாசனை வந்தது. சில நாள் அப்படியே ஓட்டினேன். பிறகு என்ஜின் கத்தக் கத்த வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

வழக்கம்போல இரண்டு பேரும் வீடியோ பார்த்தோம். ஒரு வெள்ளைக்காரர் கியர்பாக்ஸைப் பிரித்து வைத்துக்கொண்டு பேசினார். ஆட்டோமேட்டிக் வண்டியைக் கயிறு கட்டி இழுக்கவே கூடாதாம். என்ஜின் ஓடினால்தான் உள்ளே எண்ணெய் சுற்றுமாம். சக்கரம் மட்டும் உருண்டால் உள்ளே எல்லாம் காய்ந்த நிலையில் உரசித் தேய்ந்துவிடுமாம். நான் அர்த்தம் சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன். அவருக்குப் படத்தைப் பார்த்தே புரிந்துவிட்டது. போனைக் கீழே வைத்துவிட்டு, தண்ணி குடிச்சுட்டு வாரேன் என்று எழுந்து போனார். அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி, டிராக்டரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றியிருப்பேன்.

அதே கியர்பாக்ஸ் எங்கும் கிடைக்கவில்லை. பிரித்துச் சரிசெய்கிறவர்கள் இந்தப் பழைய வண்டிக்கு அது ஆகாத காரியம் என்றார்கள். மதுரையில், இதே வகைக் கார் ஒன்று விபத்தில் நொறுங்கிக் கிடந்தது. அதில் கையால் மாற்றுகிற கியர்பாக்ஸ் நன்றாக இருந்தது. அதைக் கழற்றி இதில் பூட்டலாம். கிளட்ச் பெடலும் சேர்த்துத்தான். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. காருக்குத் தார்ப்பாய் போட்டு மூடினார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் தார்ப்பாயைத் தூக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி மூடுவார். ஸ்பேனர் பெட்டியை எடுத்து, ஒன்றுமே செய்யாமல், துடைத்து வைப்பார். எத்தனை வாரம்தான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோறு போட்டுக்கொண்டே சொன்னேன். "மதுரையில கெடக்க அந்தக் கியர்பாக்ஸையே போட்டுருங்க."

"அப்பம் நீ எப்படி ஓட்டுவ?"

"நான் கடையில இருந்துக்கிடுதேன். லைனுக்கு நீங்க கூட்டிட்டுப் போங்க."

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். வேண்டாம், இதை எடைக்குப் போட்டுவிட்டு உனக்கு ஓட்டுகிற மாதிரி ஒன்றைப் பார்ப்போம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அதற்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் நிமிர்ந்து, "நெசமாத்தான் சொல்லுதியா?" என்று கேட்டார். குரலில் சந்தோஷம். மறைக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. அதைக் கேட்ட பிறகு என்னால் மாற்றிச் சொல்ல முடியவில்லை. நெசமாத்தான் என்றேன். இன்றுவரை நான் திரும்ப எடுத்துக்கொள்ள ஆசைப்படுகிற ஒரு சொல் உண்டென்றால் அதுதான்.

பூட்டி முடிக்க வெகு நாள் ஆனது. வழக்கம்போல நான்தான் டார்ச் பிடித்தேன். கிளட்ச் பெடலை மாட்டுகிற அன்று அவர் தலைகீழாகப் படுத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் இடதுபக்கம் காட்டு என்றார். என் கால் இத்தனை நாள் சும்மா இருந்த இடம் அது. அங்கே வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முடிந்ததும் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். புளியங்குடிக்காரியைக் கட்டியும் ஒரு சக்கரத்துக்கு ஒன்றுதானா என்று அவர் கேலி செய்தார். அவ்வளவு உற்சாகம்.

வண்டி பறந்தது. அதை மறுக்க மாட்டேன். புதிதாய் ஓட்டப் பழகிய பையன் மாதிரி அவர் ஒவ்வொரு கியரையும் மாற்றிவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் இடதுபக்க இருக்கையில் உட்கார்ந்து, நல்லா இருக்கு என்பேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இப்போது லைனுக்கு அவர் கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்க்க வேண்டும். போன இடத்தில் அவர் காரில் காத்திருப்பார். காப்பிக்கு உட்கார்ந்தால் ஹாரன் கேட்கும். தையல்காரப் பெண்கள் சிரித்துக்கொண்டே, அண்ணாச்சி கூப்பிடுதாவ, போங்க மதினி என்பார்கள். இரண்டு மூன்று முறை நாள் தவறியது. ராயகிரியில் வேறொருவர் வேனில் கொண்டுவந்து கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பாதித் தையலில் நூல் தீர்ந்தால் என் வீட்டுக்காரருக்கு எப்போது நேரம் ஒழியும் என்று பார்த்துக்கொண்டா இருப்பார்கள்?

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சொல்லாமல் இருப்பதிலும் என் வீம்பு தெரியும் போலிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கியர் தண்டில் பைக் பிரேக் மாதிரி ஒரு பிடி. அதை விரலால் அழுத்தினால் கம்பி வழியாக இழுபட்டுக் கிளட்ச் பெடல் தானாகக் கீழே போகும். தறிக் கடைச் சாமான்களை வைத்து அவரே யோசித்துச் செய்திருந்தார். கால் வேண்டாம், கை போதும் என்றார். கண்ணெல்லாம் பளபளவென்று இருந்தது.

தண்ணீர் வற்றின குளத்தில் வைத்துப் பழகினேன். பிடி கல் மாதிரி இருந்தது. அழுத்தி, கியர் போட்டு, மெதுவாக விட வேண்டும். விரல்கள் மரத்துப்போகும். ஆனாலும் வந்தது. இரண்டாவது கியர், மூன்றாவது கியர். அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். ரோட்டுக்குப் போவோம் என்று நான்தான் சொன்னேன்.

பஜாரில் மேடு ஏறுகிற இடத்தில் முன்னால் போன பஸ் நின்றது. நானும் நின்றேன். பஸ் கிளம்பியபோது என் விரல் வழுக்கியது, வண்டி ஒரு துள்ளுத் துள்ளி அணைந்தது. மறுபடி எடுத்தேன், மறுபடி அணைந்தது. பின்னால் ஹாரன். ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டு ஜன்னலில் குனிந்து உள்ளே பார்த்தார். முதலில் அந்தப் பிடியைப் பார்த்தார், பிறகு என் காலைப் பார்த்தார். பிறகு பின்னால் திரும்பி, ஹாரன் அடிக்காதீங்கப்பா, கால் சரியில்லாதவங்க என்று கத்தினார். ஹாரன் உடனே நின்றது. தெருவே அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் நான் இறங்கி, சாய்ந்து சாய்ந்து காரைச் சுற்றிப் போய் இடதுபக்கம் உட்கார்ந்தேன். அவர் வலதுபக்கம் மாறி உட்கார்ந்து வண்டியை எடுத்தார்.

அந்த வாரமே பிடியைக் கழற்றிவிட்டார். அதற்கு அடுத்த மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஆட்கள் வந்து காரைப் பார்த்தார்கள். தையலைத் தடவிப் பார்த்து, யார் போட்டது என்று கேட்டார்கள். விக்கப் போறேன் என்று அவர் என்னிடம் சொன்னபோது நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உனக்கு ஒரு சின்ன ஆட்டோமேட்டிக் பார்ப்போம் என்று அவர் சொன்னதும் எனக்கு உள்ளே சந்தோஷம்தான். என் குரலிலும் அது தெரிந்திருக்கும்.

இப்போது வெள்ளை நிறத்தில் ஒரு புதிய சின்னக் கார் நிற்கிறது. இரண்டு பெடல். லைனில் பாதிப்பேர் திரும்பக் கிடைத்துவிட்டார்கள். என் இஷ்டத்துக்குப் போகிறேன், வருகிறேன். யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அதுவும் ஒரு நிம்மதிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறார். டிவி ஓடும். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

போன மாதம் காரின் முன்பக்கம் ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. வலதுபக்கம் திரும்பும்போது மட்டும், டக் டக் என்று. சந்தோஷமாகவே வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் படுத்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை.

"கம்பெனியில காட்டுட்டி. நாம தொட்டா வாரண்டி போயிரும்" என்றார்.

நான் இன்னும் கம்பெனியில் காட்டவில்லை. தினமும் காலையில் அவர் வாசலில் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் வண்டியை எடுக்கிறேன். வலதுபக்கமாகத் திருப்புகிறேன், மெதுவாக, அவர் காதில் விழுகிற மாதிரி.